தோட்டம் குடித்த மழை

சித்திரைத் திருவிழாவுக்காக வைகை அணையில் தண்ணீர் திறந்தால், மதுரையை எட்டுவதற்குள் அதில் ஒரு பங்கை வறண்ட ஆற்றுமணல் குடித்துவிடும். பாலைநில ஆறுகளில் இது இன்னும் கடுமை. அமெரிக்காவின் அரிசோனாவில் வால்நட் கல்ச் என்னும் ஓடைப் படுகையை நீரியலாளர்கள் 1950களிலிருந்து அளந்துவருகிறார்கள். மேலே சீறிப் புறப்படும் வெள்ளம் கீழே வரவர அங்கே மெலிகிறது. சில வெள்ளங்கள் பாதியிலேயே மணலுக்குள் மறைந்துவிடுகின்றன. அங்கே வெள்ளத்தைக் கணிப்பவர்களுக்கு மழையோடு, படுகை எவ்வளவு உறிஞ்சும் என்ற கேள்வியும் பெரும்பாடு.

மலேசியத் தலைநகர் வழியே ஓடும் கிள்ளான் ஆற்றில் நிலைமை நேர்மாறு. மஸ்ஜித் ஜாமேக் அருகே கோம்பாக் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, ஷா ஆலம், கிள்ளான் தாண்டி மலாக்கா நீரிணைக்குப் போகும் சுமார் 120 கிலோமீட்டர் தூரமும் அது பெருத்துக்கொண்டே போகிறது.

மழையின் குணம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பிற்பகல் இடிமழை அம்பாங்கில் கொட்டும். பிரிக்பீல்ட்ஸில் வெயில் அடிக்கும். இப்படிப்பட்ட மழையைப் பிடிக்க மழைமானிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சுமார் 150 சதுர கிலோமீட்டர் உள்ள வால்நட் கல்ச்சில் எண்பதுக்கும் மேல் வைத்திருக்கிறார்கள்.

மண் செய்யும் வேலையை ஒரு சின்னக் கணக்கே காட்டிவிடும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு ஹெக்டேரில் மழை பெய்கிறது. மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கையேட்டு முறையில், காட்டு நிலத்துக்கு வழிந்தோடும் விகிதம் ஏறத்தாழ 0.3 என்று கொண்டால், வினாடிக்கு 83 லிட்டர் ஓடிவரும். அதே நிலம் கடைத்தொகுதியாகிவிட்டால் விகிதம் 0.9, அப்போது 250 லிட்டர். மழை ஒரு துளிகூடக் கூடவில்லை, வெள்ளம் மும்மடங்காகிவிட்டது.

பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்தது. ஷா ஆலமும் தோட்ட நிலம்தான். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய மண், மழையைக் குடித்த மண். தோட்டங்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளான கதையை நாம் வேலை, வீடு, கோயில், பள்ளி இழந்த கதையாக எழுதிவைத்திருக்கிறோம். அந்த மண் இழந்த தாகத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

1971 ஜனவரியில் தலைநகர் மூழ்கிய பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரை கட்டினார்கள். 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளம். நடுவில் ஒரு பகுதி கார்கள் ஓடும் சாலை. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடுமிடத்தில் நீரோட்டம் வினாடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் சாலைக்கு அடியில் உள்ள அறை வழியே நீர் போகும். 150ஐயும் தாண்டும் பெருமழையில் கார்களை வெளியேற்றிவிட்டுச் சாலையையும் வெள்ளத்துக்கு விட்டுவிட முடியும். அந்த முடிவை எடுக்கக் கிடைப்பது கொஞ்ச நேரமே; கணிப்பு பிசகினால் உயிராபத்து. அரிய சாதனைதான். ஆனால் அது காப்பது நகரின் மையத்தை.

2021 டிசம்பரில் அது வெட்டவெளிச்சமானது. 16ஆம் தேதி கிழக்குக் கரையில் ஏறிய வெப்பமண்டலத் தாழ்வு மண்டலம் சிலாங்கூரில் விடாமல் கொட்டியது. ஓரிரு மணி நேர இடிமழைக்கு அளவெடுத்துக் கட்டிய வடிகால்களால் ஒரு நாளையும் தாண்டிய மழையைத் தாங்க முடியவில்லை. ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் தவித்தார்கள். அந்தப் பருவ வெள்ளத்தால் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

இழந்த தாகத்தில் சிறிதளவையாவது தேக்கக் குளங்கள் ஈடுகட்டுகின்றன. அவற்றுக்கான நிலத்தைக் கட்டுமானத்துக்குக் கைமாற்றுவது, கணிப்பில் எழுதிய ஒரு எண்ணைத் திருட்டுத்தனமாக அழிப்பதற்குச் சமம். ஆறு கிள்ளான் நகரை நெருங்கும்போதோ கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும்: கடல் பெருக்கு உச்சத்தில் இருந்தால் ஆறு வடிய இடமில்லை. மழை, நிலம், கடல் மூன்றையும் ஒரே கணக்கில் கோத்து, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று சொல்லும் கணிப்புதான் ஸ்ரீ மூடா வீடுகளுக்குத் தேவை.