ஜோடிப் பட்டியல் போதுமா?

விழுப்புரம், திண்டிவனம் பயிற்சி மையங்களின் ஆங்கில வகுப்பில் ஒரு ஜெராக்ஸ் தாள் தவறாமல் கைக்கு வரும். குழப்பும் சொற்களை இரண்டிரண்டாக அடுக்கி, எதிரே தமிழ்ப் பொருள் எழுதியிருப்பார்கள்: அஃபெக்ட்–எஃபெக்ட், பாரோ–லெண்ட், ஸே–டெல்.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒலக்கூரிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் தமிழ்வழி மாணவருக்கு, கரை தெரியாத ஆங்கிலத்தில் அதுதான் முதல் பிடிமானம். குரூப் 4 தேர்வில் பொது ஆங்கிலம் இப்போது இல்லை. 2021 டிசம்பர் அரசாணை தமிழைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்கட்டத் தேர்வின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். வங்கித் தேர்விலும் ஆங்கிலம் உண்டு. பட்டியலை உருப்போட்டவருக்கு அங்கே சில மதிப்பெண்கள் கூடுதலாகக் கிடைக்கும். வேலைக்காகப் படிப்பவருக்கு அது சிறிய விஷயமில்லை.

குறை, சொல்லிக்கொடுக்கும் வரிசையில் இருக்கிறது. பொருளில் நெருங்கிய புதுச் சொற்களை ஒன்றாகப் படித்தால் ஒன்றோடொன்று கலந்து, மனத்தில் பதியத் தாமதமாகும் என்று தாமஸ் டிங்கம் 1993-இல் சோதித்துக் காட்டினார். 1997-இல் ராப் வேரிங் ஜப்பானிய மாணவர்களிடம் செய்த சோதனையிலும் அதே முடிவு. பாரோ, லெண்ட் இரண்டையும் ஒரே நாளில் கேட்கும் மாணவருக்கு ‘கடன்’ மட்டும் நினைவில் நிற்கிறது. வாங்குவது எது, கொடுப்பது எது என்பது நழுவிவிடுகிறது. கடன் வாங்குவதையும் கொடுப்பதையும் தமிழில் அவர் ஒருநாளும் குழப்பியதில்லை. இந்தக் குழப்பத்தைப் பட்டியலே உண்டாக்குகிறது என்பது என் கணிப்பு. ஒரு சொல் வாக்கியங்களில் நன்றாகப் பழகிய பிறகு மற்றதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அதே ஜோடி பயன்தரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தப் பட்டியல்களில் அஃபெக்ட்–எஃபெக்ட் போன்றவை ஆங்கிலேயக் குழந்தையும் எழுத்தில் தடுமாறும் இடங்கள். நம் பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடத்தில். ‘படி’ என்ற ஒரே வினைக்கு ஆங்கிலத்தில் ரீட், ஸ்டடி, லேர்ன் என்று மூன்று. ‘கேள்’ என்றால் ஆஸ்க், ஹியர், லிசன். ‘பார்’ என்றால் சீ, லுக், வாட்ச். டி.வி. பார்ப்பதற்கு ‘சீ’ போடும் மாணவர் கவனக்குறைவானவர் அல்லர். தமிழ் சரியாகத் தெரிந்தவர். ஆங்கிலம் எங்கே பிரிக்கிறது என்பதை மட்டும் யாரும் அவருக்குக் காட்டவில்லை.

காட்டும் வழி நம்மிடமே உண்டு. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்பட்ட சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வதற்கென்றே அமைந்தது. அதை இயற்றிய மண்டல புருடர் திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரைச் சேர்ந்தவர் என்று சொல்வதுண்டு. அந்த அமைப்பை ஆங்கிலப் பாடத்துக்குக் கொண்டுவரலாம். மேலே ‘கேள்’, கீழே மூன்று ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மாணவரின் வீட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் புழங்கும் இரண்டு வாக்கியங்கள்.

பயிற்சி மைய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஜெராக்ஸ் எடுக்கும்போது முதல் பக்கத்தைத் தமிழ் வினைச்சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஜோடிப் பட்டியல் தேர்வுக்கு முந்தைய மாதத்துக்குப் போதும்.