பிழையும் பொருளும்: அன்றாட எழுத்துத் தமிழில் வழுவின் எடை

1. முன்னுரை

தமிழைப் பிழையின்றி எழுதப் பயிற்றும் கையேடுகள் 20ஆம் நூற்றாண்டில் ஒரு தனி நூல்வகையாகவே வளர்ந்தன. அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ போன்ற நூல்கள் மாணவர், ஆசிரியர், இதழாளர் ஆகியோரிடையே பரவலாகப் பயன்பட்டவை. வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள், ஒலி ஒத்த சொற்களின் பொருள் வேறுபாடு, பிழையும் திருத்தமும் என்பன இவ்வகைக் கையேடுகளின் பொதுவான உள்ளடக்கம். இவை ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் இந்நூல்வகையில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. ‘பிழை’ என்றும் ‘திருத்தம்’ என்றும் இரு நிரல்களாக அமையும் பட்டியலில் எல்லாப் பிழைகளும் ஒரே எடை பெறுகின்றன. பொருளையே மாற்றிவிடும் பிழையும், எவருக்கும் எந்த ஐயமும் தராத பிழையும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. இதற்கு எதிர்வினையாக எழுந்ததே ‘பொருள் விளங்கினால் போதும், அன்றாட எழுத்துக்கு இலக்கணம் எதற்கு?’ என்னும் கருத்து. முதற்கருத்து எல்லா விதிகளையும் ஒன்றாகக் காக்க முயல்கிறது. இரண்டாவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கைவிடுகிறது. பிழைகளைத் தரம் பிரிக்காமை இரண்டுக்கும் பொதுவான குறை. அன்றாட எழுத்தில் ஒரு வழுவின் எடையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மரபிலக்கணமும் வழுவமைதியும்

பிழைகளைத் தரம் பிரித்தல் மேலை மொழியியலிலிருந்து வந்த புதுக் கருத்தன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் வழுக் காத்தலையே பெரிதும் பேசுகிறது. ஆயின் வழுவைத் தள்ளுவதோடு அது நின்றுவிடவில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழு நிலைகளில் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் இலக்கண மரபு வகுத்துக் காட்டுகிறது. உவகை மிகுதியால் பசுவை உயர்திணையாக்கி அழைப்பது திணை வழுவே. ஆனால் காரணம் உண்மையின் அது அமைதி பெறுகிறது. புறப்படாத ஒருவர் விரைவு கருதி ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதும் அவ்வாறே.

13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூல் இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றையும் இயல்பு வழக்கில் அடக்குகிறது. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என முறைமாறியதும், ‘தஞ்சாவூர்’ ‘தஞ்சை’ எனச் சிதைந்ததும் பிழைப்பட்டியலில் இடம்பெறவில்லை. காலப்போக்கில் பழையன நீங்குவதையும் புதியன வந்து சேர்வதையும் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்பதும் பவணந்தியார் கருத்தே. ஆகவே மரபிலக்கணத்தின் பெயரால் எல்லா மாற்றங்களையும் மறுக்கும் கையேடு, அம்மரபின் ஒரு பாதியை மட்டுமே ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம். அமைதிக்குக் காரணம் வேண்டும் என்பதே மரபு கற்பிக்கும் நெறி. அக்காரணத்தை இக்கால எழுத்தில் எங்குத் தேடுவது என்பதே அடுத்த வினா.

3. வல்லினம் மிகுதலும் பொருள் வேறுபாடும்

வல்லினம் மிகுதல் ஓசை இனிமைக்கானது மட்டுமே என்னும் கருத்துப் பலரிடம் உண்டு. பின்வரும் இணைகள் அதனை மறுக்கின்றன.

மருத்துவர் காலை பார்த்தார் – மருத்துவர் காலைப் பார்த்தார்
வேலை தேடினான் – வேலைத் தேடினான்
தந்த பலகை – தந்தப் பலகை

முதல் இணையின் முன்தொடரில் ‘காலை’ பொழுதைக் குறிக்கிறது. பின்தொடரில் அது ‘கால்’ என்னும் உறுப்பு இரண்டாம் வேற்றுமை ஏற்ற வடிவம். இரண்டாம் இணையில் பணியும் படைக்கலமும் வேறுபடுகின்றன. மூன்றாவதில் பெயரெச்சமும் யானைத் தந்தமும் வேறுபடுகின்றன. ஒவ்வோர் இணையிலும் பொருளைப் பிரிப்பது ஓர் ஒற்றே.

இவற்றை ஏற்பவரும் ‘அவளை பார்த்தான்’ என்பது போன்ற தொடரில் ஒற்று விடுபடுவதால் இழப்பு யாது என வினவுதல் கூடும். ‘அவளை’ என்பதற்கு வேறு பொருள் இல்லை. எனவே அத்தொடரளவில் இழப்பு ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆனால் இங்குத்தான் தொடரை நோக்குவதற்கும் விதியை நோக்குவதற்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. ‘காலை பார்த்தார்’ என்பது பொழுதையே குறிக்கும் என வாசகர் துணிவதற்கு அடிப்படை, அந்த எழுத்தாளர் இரண்டாம் வேற்றுமை விரிக்குப்பின் தவறாமல் ஒற்று இடுபவர் என்னும் நம்பிக்கை. ‘அவளை பார்த்தான்’, ‘மரத்தை சாய்த்தான்’ என ஒற்றின்றி எழுதுபவரின் எழுத்தில் ‘காலை பார்த்தார்’ என்பது இரு பொருளுக்கும் இடம் தருகிறது. ஒற்று இல்லாமையும் ஒரு குறியே. எங்கும் ஒற்றிடாத எழுத்தில் அக்குறி பயன் இழக்கிறது.

ஆகவே வழுவின் எடையை அது தோன்றும் தனித்தொடரில் வைத்து அளத்தல் பொருந்தாது. அவ்விதி மொழியமைப்பில் எந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்கிறது என்பதே அளவுகோலாக வேண்டும். ‘பொருள் விளங்கினால் போதும்’ என்போர் ஒரு தொடரில் பொருள் விளங்குவதை மட்டும் காண்கின்றனர். பிறிதொரு தொடரில் பொருள் மயங்குவதற்கு அதுவே காரணமாவதைக் காண்பதில்லை.

4. ஒலி ஒத்த சொற்கள்: மும்மொழி ஒப்பீடு

அரம் – அறம், கரை – கறை, இரங்கு – இறங்கு, பணி – பனி, வால் – வாள் – வாழ் போன்ற சொற்கள் மயங்குவதைக் கவனக்குறைவு என்றே கையேடுகள் பெரும்பாலும் கொள்கின்றன. காரணம் அதனினும் ஆழமானது. தமிழின் பல வட்டார வழக்குகளில் ர, ற ஆகியவற்றின் ஒலிப்பு ஒன்றாகிவிட்டது. ழகரம் ளகரத்தோடு இணைந்த வழக்குகளும் பல. எழுதுபவர் தம் செவியில் கேளாத வேறுபாட்டை நினைவிலிருந்து எழுத வேண்டியுள்ளது.

அண்டை மொழிகளை ஒப்பிடின் இது தெளிவாகும். மலையாளத்தில் இவ்வேறுபாடுகள் பேச்சிலும் எழுத்திலும் நிலைத்துள்ளன. பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் தனி எழுத்துகளாக இருந்தன; பின்னர் ஒலிப்பு இணைந்தபோது அவ்வெழுத்துகளும் வழக்கொழிந்தன. வாழ்தலைக் குறிக்கும் சொல்லும் வாளைக் குறிக்கும் சொல்லும் பழங்கன்னடத்தில் ழகர ளகரங்களால் பிரிந்திருந்தன. இக்காலக் கன்னடத்தில் இரண்டும் ‘பாளு’ என ஒரே வடிவம் பெறுகின்றன. மலையாளம் ஒலியையும் எழுத்தையும் காத்தது. கன்னடம் இரண்டையும் விட்டது. தமிழ் பல வழக்குகளில் ஒலியை இழந்து எழுத்தை மட்டும் காத்து வருகிறது. தமிழ் எழுதுபவரின் இடர்ப்பாடு இந்த இடைநிலையில் பிறப்பது.

கன்னடம் இழப்பின்றி இயங்குகிறதே என வாதிடலாம். வேறுபாடு நீங்கியதால் கன்னடத்தில் அன்றாடக் கருத்துப் பரிமாற்றம் தடைப்படவில்லை என்பது சரியே. ஆனால் பழங்கன்னட இலக்கியம் பயில்வோர் அவ்விரு எழுத்துகளையும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. தமிழ் வாசகர் சங்கச் செய்யுளில் ‘வாழ்’, ‘வாள்’ என்பவற்றைக் காணும்போது எழுத்து அளவில் அத்தகைய தடை இல்லை. எழுத்தைக் காப்பதற்கு எழுதுபவர் தரும் விலையும், விடுவதற்கு வாசகர் தரும் விலையும் இவ்வாறு எதிரெதிரே நிற்கின்றன.

சூழல் துணைசெய்யாத இடங்களில் இவ்வேறுபாடு மேலும் எடை பெறுகிறது. ‘உளமார வாழ்த்துகிறோம்’ என்பது ‘உளமாற’ என அமையின் வாசகர் நகைத்து நகர்வர், கருத்து விளங்கிவிடும். ‘தேநீர்’ என்பதைத் ‘தேனீர்’ எனக் கடைப்பலகையில் எழுதினாலும் தேன் கலந்த நீரை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஆட்பெயர், ஊர்ப்பெயர், அகராதித் தலைச்சொல், கணிப்பொறித் தேடல் ஆகியவற்றில் சூழல் என ஒன்றில்லை. ஓர் ஆவணத்தில் லகரமும் மற்றோர் ஆவணத்தில் ளகரமும் பெற்ற பெயருக்கு உரியவர், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க அலைய நேர்கிறது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ்ச்சொல்லைத் தெரிவுசெய்யும் இன்றைய முறையில், திரையில் முதலில் தோன்றும் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இம்மயக்கத்தை மிகுவிக்கிறது.

5. வழக்கு நிலைபெற்ற இடங்கள்

கையேடுகள் கண்டிக்கும் வடிவங்களுள் சில, விதியற்ற சிதைவுகள் அல்ல. ‘சுவரில்’ என்பதே திருந்திய வடிவம். ‘சுவற்றில்’ என எழுதின் வற்றுதலைக் குறிக்கும் ‘சுவறு’ என்பதோடு மயங்கும் என்பர். ஆயின் இவ்வடிவம் தோன்றிய முறை நோக்கத்தக்கது. ‘வயிற்றில்’, ‘கிணற்றில்’ என்பன பேச்சில் ‘வயித்துல’, ‘கெணத்துல’ என ஒலிக்கும். ர, ற இணைந்த வழக்கில் ‘சுவர்’ என்பதும் ‘வயிறு’ என்பதும் ஒத்த ஈற்றொலி பெறுதலின் ‘செவத்துல’ என்னும் வடிவம் ஒப்புமையால் பிறக்கிறது. அதனை எழுத்து வழக்குக்கு மீட்பவர் ‘சுவற்றில்’ என எழுதுகிறார். அவர் விதியை அறியாதவர் அல்லர். ஒரு விதியை அதற்குரிய எல்லைக்கு அப்பால் செலுத்தியவர்.

‘அது அன்று’, ‘அவை அல்ல’ என்னும் ஒருமை பன்மை வேறுபாடு இக்கால உரைநடையில் பெரிதும் மறைந்து ‘அல்ல’ என்பதே இரண்டிடத்தும் வழங்குகிறது. எழுவாயே எண்ணைக் காட்டிவிடுவதால் பொருளிழப்பு இல்லை; ‘அன்று’ என்பது ‘அந்நாள்’ எனவும் பொருள்படுதலின் மயக்கம் ஒன்று குறைகிறது என்றும் கூறலாம். உயிர்முன் ‘ஓர்’, மெய்முன் ‘ஒரு’ என்னும் விதியும் பொருள் வேறுபாடு எதனையும் தாங்கவில்லை. ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ பற்றிய விவாதமும் இத்தகையதே. ‘கறுப்பு’, ‘கருப்பு’ என்பவற்றுள் முன்னது தொல்காப்பிய ஆட்சி பெற்றது. பின்னது ‘கருமை’ என்னும் அடியோடு இயைபுடையது.

இவ்விடங்களில் ஒரு பதிப்பகமோ இதழோ தனக்கென ஒரு வடிவத்தைத் தெரிந்துகொண்டு சீராகப் பின்பற்றுதல் நன்று. ஆனால் மற்ற வடிவத்தை எழுதிய மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கோ விண்ணப்பதாரரின் கல்வியை ஐயுறுவதற்கோ அது காரணமாகாது. இவை வழுவமைதிக்கு உரியவை.

6. கையேடுகள் காணாத இடங்கள்

பொருள் வேறுபாட்டை அளவுகோலாகக் கொள்ளின், கையேடுகளில் போதிய இடம் பெறாத சில மயக்கங்கள் முன்னிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இவற்றையே நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

‘குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகிய ஆவணங்கள் ஏற்கப்படும்’ என்னும் தொடரில் ‘ஆகிய’ என்பது பட்டியலை முடித்துவிடுகிறது. ‘முதலிய’ எனின் பிற ஆவணங்களுக்கும் இடமுண்டு. ‘போன்ற’ எனின் அவற்றை ஒத்த பிறவும் அடங்கும். மூன்றும் ஒற்றுப் பிழையோ எழுத்துப் பிழையோ இல்லாதவை; எனினும் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று அமையின் ஒருவரின் விண்ணப்பம் ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் மாறும். ‘60 வயது நிரம்பியவர்’, ‘60 வயதுக்கு மேற்பட்டவர்’ என்பனவும் இத்தகையனவே. பின்னது 60 வயது நிரம்பி 61 நிரம்பாதவரை உள்ளடக்குமா என்பது ஐயத்திற்குரியது.

‘ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்பதில் பெயரெச்சம் ஆசிரியரை மட்டும் தழுவுகிறதா, இருவரையுமா என்பது தெளிவில்லை. இலக்கணம் முற்றும் வழுவாத தொடரே இது. இருவரையும் தழுவுமெனின் ‘ஆசிரியர், அலுவலர் ஆகியோருள் ஓய்வுபெற்றவர்கள்’ என மாற்றியமைக்க வேண்டும். சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவதும் அவ்வாறே. ‘எழுதிக் கொடுத்தார்’ என்பது எழுதுதல், கொடுத்தல் என்னும் இரு செயல்களைக் காட்டலாம். ‘எழுதிக்கொடுத்தார்’ எனச் சேர்ந்தவிடத்துக் ‘கொடு’ துணைவினையாகிப் பிறர்பொருட்டு எழுதியதைக் காட்டுகிறது. இவ்விடைவெளியைச் சீராகப் பின்பற்றாத மூலத்தைப் பிறமொழிக்குப் பெயர்ப்பவர் ஊகத்தையே நம்ப வேண்டியுள்ளது. எந்திர மொழிபெயர்ப்புக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

7. முடிவுரை

பேசுபவரிடம் கேட்பவர் திரும்பக் கேட்கலாம். எழுதியவரிடம் படிப்பவர் பெரும்பாலும் கேட்க இயலாது. எழுத்துக்கு இலக்கணம் இன்றியமையாததாவது இதனாலேயே. மேற்கண்ட ஆய்வால் அன்றாட எழுத்தின் வழுக்களை மூவகையாகப் பகுக்கலாம். பொருள் வேறுபாட்டைத் தாங்கும் விதிகளின் வழு முதல்வகை. இரண்டாம் வேற்றுமைக்குப்பின் ஒற்றும், ‘ஆகிய’, ‘முதலிய’ போன்ற சொற்களின் ஆட்சியும் இதில் அடங்கும். ஒலி இணைந்தும் எழுத்து நிலைத்துள்ள ர–ற, ல–ள–ழ மயக்கங்கள் இரண்டாம் வகை. பெயர்களிலும் ஆவணங்களிலும் இவை முதல்வகையின் எடை பெறும். பொருள் வேறுபாடு தாங்காத மரபு வேறுபாடுகள் மூன்றாம் வகை. இவை அமைதிக்கு உரியன.

இனி வெளிவரும் கையேடுகள் பிழை, திருத்தம் என்னும் இரு நிரல்களோடு, அப்பிழையால் வாசகர் இழப்பது யாது என்னும் மூன்றாம் நிரலையும் சேர்த்தல் வேண்டும். அந்நிரலில் எழுத ஒன்றுமில்லாத பதிவுகளைத் தனிப் பின்னிணைப்பாகத் தொகுக்கலாம். ஆசிரியர் எங்குக் கண்டிப்புக் காட்டுவது, மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் எந்த வடிவத்தை ஐயுறுவது என்பவற்றை அத்தகைய கையேடு தெளிவாக்கும்.