மலைபடுகடாமும் ஒரு சைக்கிளும்

தமிழில் மலைப் பிரயாணத்தைப் பற்றி நல்ல புத்தகம் எது என்று ஒரு நண்பர் கேட்டார். மலைபடுகடாம் என்றேன். சிரித்தார். சிரிக்கத்தான் தோன்றும். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி, பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன் என்ற நாலு பரீட்சை விஷயங்களுக்கு மேல் நம்மில் பலருக்கு அதனோடு உறவு கிடையாது. ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. காலால் நடந்தவன் காலால் நடக்கப்போகிறவனுக்குச் சொன்ன புத்தகம் அது. அந்த வகையில் அதற்குப் பிறகு நம்மிடம் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வடசென்னைக்காரனுக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். ராயபுரத்தில் நாங்கள் மலையென்று பார்த்ததெல்லாம் துறைமுகத்தில் குவித்திருந்த நிலக்கரியைத்தான். 2011-இல் கோர்ட்டு உத்தரவால் அதுவும் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையில் சைக்கிளை மிதித்தால் ஏற்றம் என்பது மேம்பாலம் ஒன்றுதான். ஆனால் சைக்கிள் என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும். காசிமேட்டிலிருந்து மீன் கூடையைக் கட்டிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவனுக்கு அது உல்லாசப் பொருள் அல்ல. மலைபடுகடாத்தின் கூத்தர்களும் உல்லாசத்துக்காக மலை ஏறவில்லை. வயிற்றுக்காக ஏறினார்கள். முழவும் குழலும் தூம்பும் பையில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, பெண்டு பிள்ளைகளோடு ஏறினார்கள். இந்தச் சுமையை முதலில் சொல்லிவிட்டுத்தான் கவி வழியைச் சொல்லத் தொடங்குகிறார்.

சென்ற ஐப்பசியில் சைக்கிளோடு போளூர் போய், அங்கிருந்து ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரையில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பாதி தூரம் தள்ளினேன். இங்கிலீஷ் நாவல் படிக்கிறவர்கள் இலையுதிர் காலம் என்றவுடன் சிவந்த இலைகளை எதிர்பார்ப்பார்கள். நம் கூதிர்காலத்தில் சிவப்பது செம்மண் தண்ணீர்தான். இலையெல்லாம் அசட்டுப் பச்சையாக இருக்கும். பாறையில் பாசி, பாசியில் வழுக்கல். பையில் உ.வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்ட பத்துப்பாட்டின் பிற்காலப் பதிப்பு ஒன்று இருந்தது. நனையாமல் காப்பாற்றியது பெரும்பாடு.

அந்தப் பிரதேசத்தில் வைத்துப் படித்தால் பாட்டு வேறு மாதிரி இருக்கிறது. நன்னனுடைய செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறுதான் செய்யாறு. நவிரமலை என்பது பர்வதமலை என்கிறார்கள். பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதே, விடிந்தபின் போ என்கிறார் கவி. தினைப்புனத்துப் பரண்களிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் விடுவார்கள், அதன் வேகம் தணியாது, மரத்தின் மறைவில் போ என்கிறார். வழுக்குகிற கரையில் கொடியைப் பற்றிக்கொள் என்கிறார். பர்வதமலையில் இன்று கொடிக்குப் பதிலாக இரும்புக் கடப்பாறையும் சங்கிலியும் இருக்கின்றன. பற்றிக்கொள்ளும் கை மட்டும் அதே கைதான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு யோசனை சொல்கிறார். வழி பிரிகிற இடத்தில், தெரியாத ஊருக்குப் புதிதாக வந்த நீங்கள், புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். பின்னால் வருகிறவன் வழி தப்பக்கூடாது. இந்த ஓரிடத்துக்காகவே அந்த 583 அடியையும் காப்பாற்றி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிதர்களோ வேறு எங்கோ நின்றுவிட்டார்கள். செங்காந்தளைத் தீயோடு ஒப்பிட்ட ஓர் அடியில் ‘ஆனந்தக் குற்றம்’ இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று நச்சினார்க்கினியர் மறுக்க, அந்த வழக்கு நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது. புல்முடிச்சுக்கு வழக்காட யாரும் இல்லை.

நம் காலத்துப் பிரயாண இலக்கியத்தைக் குறைவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏ. கே. செட்டியார் கண்ணால் கண்டதைச் சுருக்கமாக, அலட்டிக்கொள்ளாமல் எழுதினார். அந்த அடக்கம் பிறருக்கு எளிதில் வருவதில்லை. சிட்டியும் ஜானகிராமனும் எழுதி 1971-இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’யை நான் பல தடவை படித்திருக்கிறேன், இனியும் படிப்பேன். ஆனால் அதில் நடப்பது காவேரி. ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில் போகிறார்கள். காரில் போகிறவனுக்கு ரசனை குறைவு என்பதல்ல. அவனுக்கு முழங்கால் இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்குப் பின் வந்த கட்டுரைகளில் முழங்காலோடு வழியும் போய்விட்டது. எழுதியவருக்கு அருவியைக் கண்டதும் என்ன தோன்றிற்று என்று இரண்டு பக்கம் இருக்கும். அருவிக்கு எப்படிப் போவது, எங்கே வழுக்கும் என்று ஒரு வரி இராது. வாசகன் பின்னால் வரப்போகிறவன் என்ற நினைப்பே இல்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாராட்ட வேண்டியவன்.

ஏற்றத்தில் ஓர் இடத்தில் மழைக்கு மண் சரிந்து சாலையின் ஓரம் போயிருந்தது. வளைவுக்கு முன்பாக நாலு கல்லை வைத்து, அதன்மேல் தழையை ஒடித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் சாமை மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

“நீங்க வெச்சதாங்க ஐயா?” என்று கேட்டேன்.

“யாரோ வெச்சாங்க. காஞ்சு போச்சு, நான் புதுசா ஒடிச்சுப் போட்டேன். பின்னால ஆளு வருமில்ல?” என்றார்.

அந்தப் பிரதேசத்து நடுகற்களைப் பற்றித் தொல்பொருள் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. மலைபடுகடாத்திலும் வழியில் நடுகல் வருகிறது. கல் நின்றுவிடுகிறது; தழை வாடிவிடுகிறது. ஆராய்ச்சிக்குக் கல்தான் வசதி.

பாட்டு முழுவதும் ஒரே தரம் என்று சாதிக்க மாட்டேன். நன்னன் ஊர் வந்து, வாசலில் குவிந்த திறைப்பொருள்களை அடுக்கத் தொடங்கியதும் கவியின் கால் நின்றுவிடுகிறது. நானும் கடமைக்காகத்தான் படித்தேன். கொடை வாங்கப் போகிறவன் கொடையாளியைப் புகழாமல் எப்படி இருப்பான்? ஆனால் மலையின் ஓசைகளைச் சொல்லும் பகுதிக்கு ஈடு இல்லை. பாட்டுக்குப் பெயரே அதனால் வந்தது. யானைக்கு மதம் ஒழுகுவதுபோல் மலையிலிருந்து ஓசை ஒழுகுகிறதாம். அருவிச் சத்தத்துக்கும் தினை குற்றும் பாட்டுக்கும் நடுவே, புலி கிழித்த கணவன் மார்பின் புண் ஆறவேண்டும் என்று ஒருத்தி பாடுகிற பாட்டும் கேட்கிறது. கவி அங்கே நிற்பதில்லை. அடுத்த ஓசைக்குப் போய்விடுகிறார்.

பதிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைபடுகடாத்தைத் தனியாக, சட்டைப்பையில் அடங்கும் அளவில், நல்ல காகிதத்தில் போடுங்கள். அருஞ்சொற்பொருள் பின்னால் இருக்கட்டும். முன்னால் செங்கம், போளூர், செய்யாறு காட்டும் வழிப்படம் ஒன்று வேண்டும். மழைக்குத் தாங்குகிற அட்டையாக இருந்தால் நல்லது.