உருவகமா, உவமையா? சுழல் ஊதிகளின் காற்றோட்டக் கணிப்பும் தமிழ்க் கலைச்சொல்லும்

ஆய்வுச்சுருக்கம்

இயந்திரங்களுள் நிகழும் காற்றோட்டத்தைக் கணினிவழிக் கணித்துக் காட்டும் முறை, தமிழில் ‘உருவகப்படுத்துதல்’ எனப் பரவலாகக் குறிக்கப்படுகிறது. இச்சொல் கணிப்புக்கும் மெய்ந்நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கிறது என்பதையும், அவ்வேறுபாட்டை மதிப்பிடத் தொல்காப்பிய உவமவியல் துணைநிற்கும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சுழல் ஊதி, காற்றோட்டக் கணிப்பு, உவமவியல், உருவகம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை முடியுமுன்னரே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதுண்டு. கொள்முதலுக்கு வரும் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மிகலாகாது என்பது பொது விதி. 2022 அக்டோபரில் தமிழகத்திற்கு அது 19 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. களத்து வெயிலை நம்ப இயலாத நாள்களில் நெல்லை உலர்த்த இயந்திரக் காற்றே வழி. பதரைத் தூற்றுவதும், ஆலையில் உமியைப் பிரித்துக் கடத்துவதும் அக்காற்றே. ஆகவே காற்றியந்திரங்களைக் கணினியில் சோதிக்கும் ஆய்வு தஞ்சை வட்டார உழவருக்கு நேரடித் தொடர்புடையது. அவ்வாய்வைத் தமிழில் எச்சொல்லால் குறிக்கிறோம் என்பதும் பொருட்படுத்தத்தக்கதே.

கணிப்பின் இயல்பு

காற்றைத் தள்ளும் கருவிகள் பலவும் ஆலைகளில் ‘புளோயர்’ என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. உலர்த்திகளில் பெரிதும் அமைவது விசிறி வகை. தவிடு, மாவு, தானியம் ஆகியவற்றைக் குழாய்வழிக் கடத்தும் அமைப்புகளில் ரூட்ஸ் வகைச் சுழல் ஊதியும் பயன்படுகிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் உடன்பிறப்புகள் 1860-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் அது.

அதில் மடல் வடிவச் சுழலிகள் இரண்டு எதிரெதிராகச் சுழல, மடலுக்கும் உறைக்கும் இடையே அகப்பட்ட காற்று வெளிவாய்க்குச் செல்கிறது. வழியில் அக்காற்று அழுத்தப்படுவதில்லை. வெளிவாய் திறந்ததும் அங்குள்ள உயரழுத்தக் காற்று பின்னோக்கிப் பாய்வதாலேயே அழுத்தம் உயர்கிறது; இயந்திரத்தின் துடிப்புக்கும் இரைச்சலுக்கும் அதுவே முதன்மைக் காரணம். சுழலிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றிடையே மில்லிமீட்டரின் சிறு பகுதியளவே உள்ள இடைவெளியில் காற்றின் ஒரு பங்கு கசிந்து திரும்புகிறது.

கணினி இக்காற்றிடத்தை எண்ணற்ற சிறு கண்ணிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமைச் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. சுழலி நகருந்தோறும் கண்ணிகளும் மாற வேண்டும். கொந்தளிப்புக்குத் தோராய மாதிரியொன்றைத் தேர வேண்டும். வெப்பத்தால் உலோகம் விரிந்து இடைவெளி குறைவதைக் கருதாவிடின் கசிவின் அளவு பிழைபடும். எனவே கிடைக்கும் விடை, ஆய்வாளர் செய்த தேர்வுகளைச் சார்ந்தது.

சொல் மறைப்பது

தண்டியலங்காரத்தின்படி, உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி இரண்டையும் ஒன்றெனக் கூறுவதே உருவகம். கணிப்பிலோ அவ்வேற்றுமையை நீக்குவதே பிழைக்கு வாயில். கணினியில் ஓடுவது காற்று போன்றது, காற்றாகாது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் வேரும் ‘போன்ற’ என்றே பொருள்படும். ஆதலின் இம்முயற்சி உவமையின்பாற் படும்.

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுப்பர். மெய் என்பதை வடிவாகவும் உரு என்பதை நிறமாகவும் உரையாசிரியர் கொள்வர். இந்நான்கையும் கணிப்பை மதிப்பிடும் வினாக்களாக்கலாம். சுழலியின் வடிவும் இடைவெளியும் உண்மை அளவினவா என்பது மெய். பின்பாய்ச்சலும் துடிப்பும் கணிப்பில் தோன்றுகின்றனவா என்பது வினை. வெளிவாயில் அளந்த காற்றளவோடு விடை ஒத்துள்ளதா என்பது பயன். எஞ்சுவது உரு. ஆய்வேடுகளில் முதலில் கண்ணைக் கவர்வன சிவப்பும் நீலமுமான வண்ணப் படங்களே. அந்நிறங்கள் காற்றுக்குரியன அல்ல. எண்களுக்கு மென்பொருள் பூசியவை. நான்கனுள் மிக நொய்ந்த ஒப்புமையே சான்றெனக் காட்டப்படும் நிலை இங்குள்ளது.

மறுப்பும் விடையும்

வழக்கில் ஊன்றிய சொல்லை அணியிலக்கணத்தால் அளப்பது முறையா என வினவலாம். பயின்ற பொறியாளரைச் சொல் ஏமாற்றாது என்பது உண்மையே. ஆயினும் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் இயந்திரவியல், குடிசார் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் பயிலும் மாணவர் ஒரு கருத்தைச் சொல்வழியே முதலில் சந்திக்கின்றனர். தமிழ்ப் பாடங்களில் உருவகத்தை முன்னரே கற்றவர்களும் அவர்களே.

முடிவுரை

‘உருவகப்படுத்துதல்’ என்பதற்கு மாற்றாக, ஒப்பு என்னும் உணர்வைத் தாங்கும் ‘ஒப்புருவாக்கம்’ என்ற சொல்லை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. தமிழில் எழுதப்படும் காற்றோட்ட ஆய்வுகள் வண்ணப் படத்தோடு அளவீட்டு ஒப்பீட்டையும் தருதல் வேண்டும். திரையில் சீராகப் பாய்ந்த காற்று, ஈரநெல்லின் குவியலூடே சென்று 17 விழுக்காட்டை எட்டச் செய்ததா என்பதே உழவர் கேட்கும் பயன் உவமம்.