மானமும் வறுமையும்: ‘காக்கா முட்டை’ குறித்து ஓர் ஆய்வு

வறியவனுக்கு மானம் உண்டோ என்னும் வினா தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. திருக்குறளில் குடிமையும் மானமும் 96, 97ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. நல்குரவு, இரவு, இரவச்சம் என்பன 105 முதல் 107 வரை தொடர்கின்றன. குடிமை என்பதற்கு உயர்ந்த குடியிற் பிறந்தாரது தன்மை எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். அவ்வுரைவழிக் கற்பார்க்கு, மானம் உயர்குடியினர்க்கு உரியது, இரத்தல் வறியார்க்கு உரியது என்றொரு பாகுபாடு தானே தோன்றிவிடும். அப்பாகுபாடு பொருந்துமா என்பதை ஒரு திரைப்படத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார இரயில், கிண்டியைக் கடந்து அடையாற்றுப் பாலத்தின்மேல் ஏறிச் சைதாப்பேட்டையை அடைகின்றது. 1931 முதல் மின்சார வண்டிகள் ஓடும் இவ்வழியில் நாள்தோறும் செல்லும் நாம், ஆற்றங்கரைக் குடிசைகளைச் சன்னல்வழியே கண்டு பழகியவர், கண்டும் காணாதவர். எம். மணிகண்டன் இயக்கி 2015இல் வெளிவந்த ‘காக்கா முட்டை’ அக்குடிசைகளின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கின்றது.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) தொழிலாளர் இயக்கத்தைப் பொருளாகக் கொண்டது. ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) சேரி வாழ்வைக் காட்டிற்று. அதில் சிட்டி என்னும் சிறுவனின் மானவுணர்ச்சி, வேறொருவனோடு வாழத் துணிந்த தாயின்மேலேயே பாய்கின்றது. தாய் இறந்தபின் அவள் ஈன்ற குழந்தையை ஏந்தும்போதுதான் அவ்வுணர்ச்சி கனிவு பெறுகின்றது. ஆண்டு மானம் குடும்பத்தைப் பிளந்தது. ஈண்டு அது குடும்பத்தைக் காக்கின்றது.

‘காக்கா முட்டை’யின் கதை எளியது. தந்தை சிறையில் இருக்கின்றான். தாயும் பாட்டியும் இல்லத்தைத் தாங்குகின்றனர். கோழிமுட்டை வாங்க இயலாமையால் காக்கை முட்டை உண்ணும் அண்ணன் தம்பியர் இருவர், இருப்புப்பாதையோரம் சிதறிய நிலக்கரியைப் பொறுக்கி விற்றுச் சில ரூபாய் ஈட்டுகின்றனர். தாம் விளையாடிய இடத்தில் எழுந்த கடையில் விற்கும் 299 ரூபாய்ப் பீட்சாவை உண்ண வேண்டுமென்பது அவர்தம் வேட்கை.

படத்தின் உயிர்நிலை எது? கடைவாயிலில் சிறுவன் அறைபடும் காட்சியே எனப் பலர் கருதுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன், தான் உண்டு எஞ்சிய பீட்சாத் துண்டை வேலிக்கு அப்பால் நின்று அன்போடு நீட்டுகின்றான். தம்பியின் கை நீளுகின்றது. அண்ணன் தடுத்து விடுகின்றான். கொடுப்பவன் பகைவனல்லன், இகழ்ந்து கொடுத்தவனும் அல்லன். எனினும் எச்சிலை ஏற்றல் கூடாது என்பதை அச்சிறுவனுக்கு எவரும் ஈண்டுக் கற்பிக்கவில்லை. அறைபட்டது பிறர் செய்த இழிவு. மறுத்தது தானே காத்த மதிப்பு. முன்னது நம் இரக்கத்தை வேண்டுகின்றது. பின்னது நம் மதிப்பை வேண்டுகின்றது.

இம்மறுப்பைக் காண்பார்க்குப் புறநானூற்று 208ஆம் பாட்டு நினைவுக்கு வரும். தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். அவர் பசி அறியாதவரல்லர். குமணனைப் பாடிய 160ஆம் பாட்டில் தம் இல்லத்து வறுமையைச் சிறிதும் மறைத்திலர். புலவர்க்குக் கல்வி துணைநின்றது எனலாம். குடிசைச் சிறுவனுக்குக் கல்வியும் இல்லை, குலப்பெருமையும் இல்லை. ஆகவே மானத்தின் வேர் பிறப்பன்று; ஈட்டி உண்ணும் பழக்கமே என்பது தெளிவாகின்றது.

ஈண்டு ஒரு தடை எழலாம். சிதறியதைப் பொறுக்கத் தொடங்கிய சிறுவர், பின்னர் இரயில்வே ஊழியர் ஒருவர் காட்டிய இடத்திலிருந்து நிலக்கரியை மிகுதியாக அள்ளுகின்றனர். இதுவும் ஈட்டலாகுமோ? படம் இதனை மறைக்கவில்லை. ஆயின் நின்று எடைபோடவும் இல்லை. இஃது ஒரு குறையே.

முடிவு குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு. அறைந்த செய்தி ஊரெங்கும் பரவியபின், கடைக்காரர் சிறுவரை வரவேற்று விலையின்றிப் பீட்சா அளிக்கின்றார். எச்சிலை மறுத்தவன் இலவசத்தை ஏற்கலாமோ எனின், அக்கொடையின் தன்மையை நோக்குதல் வேண்டும். ஈதல் எளிது, வரிசை அறிதலே அரிது எனும் கருத்தைக் கபிலர் மலையமானுக்கு உரைத்தார் (புறம். 121). கடைக்காரரது கொடை அச்சத்திற் பிறந்தது, வரிசை அறியாதது. உண்டு பார்த்த சிறுவர்க்கு அது சுவைக்கவில்லை. இறந்துபோன பாட்டி, பீட்சா என்று சொல்லி வெங்காயமும் தக்காளியும் தூவிச் சுட்டுத் தந்த தோசையே இனிதென்கின்றனர். இதனை நகைச்சுவையாகக் கொண்டு நின்றுவிடல் ஆகாது. இரவச்ச அதிகாரம், முயற்சியால் வந்த எளிய கூழின் இனிமையைப் போற்றுவதை நினைவிற் கொண்டால், சிறுவர் கூறியது நாவின் தீர்ப்பு மட்டுமன்று என்பது விளங்கும்.

அப்படம் வெளிவந்த ஆண்டின் இறுதியிலேயே அடையாறு பெருக்கெடுத்துக் கரையோரக் குடிசைகளை அழித்தது. பின்னர் அக்கரைக் குடும்பங்கள் பல, தென்புறநகராகிய பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. அத்தகைய இல்லங்களிலிருந்து வந்து முதன்முதலாகக் கல்லூரி காணும் மாணவர் சிலர் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். அவர்கள்முன் குடிமை அதிகாரத்தை விளக்கும்போது, பழைய உரையை மட்டும் கூறி அமைவோமாயின், மானம் தமக்குரியதன்று என அவர்கள் கொள்ளக்கூடும். அவ்வுரையோடு, வேலியருகே தம்பியின் கையைத் தடுத்த சிறுவனையும் எடுத்துக்காட்டுதல் நம் கடன்.