பெயரும் எண்ணும்: ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் பொருள் அடையாள எண்கள் – ஒரு விமர்சன நோக்கு

முன்னுரை

மறைகுறியாக்கவியலைக் கற்பிக்கையில் நாம் பெரும்பாலும் பகா எண்களிலும் வளைவரைகளிலும் நின்றுவிடுகிறோம். ஒரு வழிமுறைக்கு நிரலகம் எவ்வாறு பெயரிடுகிறது, வந்து சேரும் தரவில் அப்பெயரை எவ்வாறு இனங்காண்கிறது என்னும் வினா செய்முறைக் குறிப்பேட்டின் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. ஆயினும் ஒரு சான்றிதழ் எவ்வழிமுறையால் கையொப்பமிடப்பட்டது என்பதைக் கணினிக்கு அறிவிப்பது ஒரு பெயரே. அப்பெயர் பிழைபட வாசிக்கப்பட்டால், அதன் பின்னுள்ள கணிதம் எத்துணை வலிதாயினும் பயன் தராது.

அப்பெயர்களுக்குப் பொருள் அடையாள எண்கள் என்று பெயர். 'பொருள்' என்பது இங்குச் சொற்பொருளைக் குறிக்கவில்லை. பெயரிடத்தக்க எதுவும் இங்குப் பொருளே. தமிழில் இவ்விரண்டும் ஒரே சொல்லாக அமைந்தமை மொழிபெயர்ப்பாளர்க்கு இடர். எனினும் இக்கட்டுரை பேசவிருக்கும் சிக்கலுக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகம் தன் வசதிக்கெனப் படைத்துக்கொண்ட உள்ளெண்ணும் சொற்பெயரும் காலப்போக்கில் மூலப்பெயரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதும், அதன் அறியப்பட்ட பிழைகளுள் சில அங்கிருந்தே முளைத்தன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

எண்ணே பெயராதல்

ஏஎஸ்என்.1 என்னும் தரவு விவரிப்பு மொழியில் அடையாள எண் ஒரு மரத்தின் வேரிலிருந்து கிளை வரையிலான பாதை. வேரில் மூன்று கிளைகள்: 0 பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திற்கு, 1 பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பிற்கு, 2 இரண்டிற்கும் பொதுவாக. ஆர்எஸ்ஏ சாவியைக் குறிக்கும் 1.2.840.113549.1.1.1 என்பதை வாசித்தால், தரப்படுத்தல் அமைப்பு, அதன் உறுப்பு நாடுகள், அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஆர்எஸ்ஏ டேட்டா செக்யூரிட்டி நிறுவனம் என்று வம்சாவளி விரிகிறது. ஒரு கிளையைப் பெற்றவர் அதன் கீழ் எவரையும் கேளாமல் புதிய எண்களை வழங்கலாம். நடுவண் பதிவேடு வேண்டாத, மோதாத பெயரீட்டு முறை இது.

டிஇஆர் என்னும் குறிமுறையில் இப்பாதை பைட்டுகளாகிறது. முதல் இரு எண்களும் இணைந்து 42 ஆகின்றன (40ஐ 1ஆல் பெருக்கி 2ஐக் கூட்ட வேண்டும்). பின்வரும் ஒவ்வோர் எண்ணும் 128ஐ அடியாகக் கொண்டு எழுதப்படுகிறது. தொடர்ச்சி உண்டெனில் பைட்டின் மேல்பிட் 1 ஆகும். ஆகவே 840 என்பது 134, 72 என இரு பைட்டுகளாகவும், 113549 என்பது 134, 247, 13 என மூன்று பைட்டுகளாகவும் அமைகின்றன. முழுப்பெயரும் 42, 134, 72, 134, 247, 13, 1, 1, 1 என ஒன்பதே பைட்டுகளில் அடங்கிவிடுகிறது.

இங்கு முதன்மையானது ஒரு விதி. ஒவ்வோர் எண்ணும் இயன்ற அளவு குறைந்த பைட்டுகளிலேயே எழுதப்பட வேண்டும். முன்னால் வெற்றுச் சுழியங்களைச் சேர்த்தல் ஆகாது. அதனால் ஒரு பெயருக்கு ஒரே வடிவம். சுவடிப் பதிப்பாளர் சொற்களில் கூறுவதாயின், பாடபேதத்திற்கு இடமில்லை. இவ்விதியை வாசிக்கும் மென்பொருள் சோதிக்காவிட்டால் நேர்வதை டேன் காமின்ஸ்கி, மெரிடித் பேட்டர்சன், லென் சாசமன் ஆகியோர் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினர். சான்றிதழில் பொதுப்பெயர்ப் பண்பின் எண் 2.5.4.3. அதன் இறுதி எண்ணுக்கு முன் வெற்றுச் சுழியத்தைத் திணித்தாலோ, இறுதியில் 18446744073709551619 என்று எழுதினாலோ, ஒரு மென்பொருள் அதை அறியாப் பண்பென ஒதுக்கும். 64 பிட்டில் எண் வழிந்து 3 என மீள்வதைக் கவனியாத இன்னொன்று அதையே பொதுப்பெயராக வாசிக்கும். சான்றளிப்பவர் பார்த்த பெயரும் உலாவி பார்த்த பெயரும் வேறாகிவிடும்.

ஒரு பொருளுக்கு நான்கு பெயர்கள்

ஓப்பன்எஸ்எஸ்எல் ஒவ்வொரு பொருளுக்கும் பைட்டு வடிவத்தோடு மேலும் மூன்று பெயர்களைத் தருகிறது: குறும்பெயர், நெடும்பெயர், என்ஐடி எனப்படும் உள்ளெண். சி மொழியில் பைட்டுத் தொடர்களை ஒப்பிடுவதைவிட முழு எண்களை ஒப்பிடுவது எளிது. நிபந்தனைக் கிளைகளில் மாறிலிகளாக எழுதவும் இயலும். 1990களில் எஸ்எஸ்எல்ஈ என்னும் முன்னோடி நிரலகம் எழுதப்பட்ட காலத்துக் கணினிகளை எண்ணிப் பார்த்தால் இத்தெரிவைக் குறைகூற இயலாது.

உள்ளெண் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பது சுவையான பயிற்சி. 3 எம்டி2, 4 எம்டி5, 5 ஆர்சி4, 6 ஆர்எஸ்ஏ. இன்று கைவிடப்பட்ட வழிமுறைகள் வாயிலிலேயே அமர்ந்திருக்கின்றன. எஸ்எச்ஏ256 என்பதற்கு 672ஆம் இடம், எட்25519 என்பதற்கு 1087ஆம் இடம். வந்து சேர்ந்த வரிசையன்றி இவ்வெண்களுக்கு வேறு பொருளில்லை. மூலப்பெயரில் வம்சாவளி உண்டு. உள்ளெண்ணில் வருகைப்பதிவு மட்டுமே உண்டு.

சொற்பெயர்களின் நிலை இன்னும் நெகிழ்வானது. 1.2.840.10045.3.1.7 என்னும் நீள்வட்ட வளைவரையை அமெரிக்கத் தர நிறுவனம் பி-256 என்கிறது. வேறொரு தரநூல் செக்ப்256ஆர்1 என்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் அட்டவணையோ பிரைம்256வி1 என்கிறது. ஒருபொருட் பன்மொழி இலக்கணத்தில் வழு ஆகாது. ஆனால் இவ்வட்டவணையிடம் செக்ப்256ஆர்1 என்று கேட்டால் அது அறியாது. கட்டளைவரிக் கருவியில் மட்டும் அப்பெயருக்கெனத் தனிவிலக்கு எழுதி, வேறு பெயரைப் பயன்படுத்துவதாக அறிவிப்பும் தருகிறார்கள்.

சுழியம்

அட்டவணையில் இல்லாத அடையாள எண் வந்தால் நிரலகம் உள்ளெண்ணாக 0ஐத் தருகிறது. வரையறுக்கப்படாதது என்பது அதன் கருத்து. சொற்பெயரிலிருந்து உள்ளெண் தேடும் செயற்கூறும் பெயர் கிடைக்காதபோது அதே 0ஐத் தருகிறது. என் மதிப்பீட்டில் இந்நிரலகத்தின் பெயரீட்டு முறையில் மிகவும் தவறான முடிவு இதுவே.

ஒரு நிரலர் சான்றிதழின் நீட்சிகளுள் குறிப்பிட்ட ஒன்றைத் தேடுகிறார் எனக் கொள்வோம். அதன் பெயரை ஓரெழுத்துப் பிழையுடன் எழுதிவிடுகிறார். தேடல் 0 தருகிறது. பின்னர் ஒவ்வொரு நீட்சியின் உள்ளெண்ணையும் இதனோடு ஒப்பிடுகிறார். நிரலகம் அறியாத ஏதேனும் ஒரு நீட்சி சான்றிதழில் இருந்தால் அதன் உள்ளெண்ணும் 0, இரண்டும் சமம். நிரல் தடையின்றி ஓடுகிறது. வேறொன்றைத் தேடியதாகக் கண்டுபிடித்தும் விடுகிறது. மூலப்பெயரில் 1.2.3.4 என்பதும் 1.2.3.5 என்பதும் என்றும் வேறு. உள்ளெண் உலகில் அறியப்படாதவை யாவும் ஒன்றே. அறியாமையையும் ஒரு மதிப்பாக்கி, அதைப் பிற மதிப்புகளோடு ஒப்பிடவும் இடமளித்தமை வடிவமைப்பின் குறை. அதனை நிரலரின் கவனக்குறைவு என்று கூறி ஒதுக்க இயலாது.

பைட்டு வடிவங்களை நேராக ஒப்பிடும் செயற்கூறு இதே நிரலகத்தில் உண்டு. எளிதாகக் கைக்கு எட்டுவது உள்ளெண் என்பதால் அது பின்தள்ளப்படுகிறது.

காட்சிக்கான உரை

அடையாள எண்ணை உரையாக்கும் செயற்கூறு கண்ணுக்குக் காட்டுவதற்கென எழுதப்பட்டது. பெயர் தெரிந்தால் பெயரையும், தெரியாவிட்டால் புள்ளியிட்ட எண்களையும் அது தருகிறது. ஆகவே ஒரே பைட்டுகள் பழைய பதிப்பில் 1.3.101.112 என்றும், புதிய பதிப்பில் எட்25519 என்றும் அச்சாகும். இவ்வுரையை வைத்து முடிவெடுக்கும் நிரல், நிரலகத்தைப் புதுப்பித்தவுடன் வேறு முடிவெடுக்கக் கூடும். எண் வடிவத்தை மட்டுமே கேட்கும் வாய்ப்பு அதே செயற்கூற்றில் ஓர் அளபுருவாக உள்ளது. 2014இல் இச்செயற்கூற்றில் நினைவகத் தகவல் கசியும் பிழையொன்று கண்டறியப்பட்டது. அதன் கையேட்டுப் பக்கம், நடைமுறையில் எதிர்ப்படும் எந்த அடையாள எண்ணுக்கும் 80 எழுத்து இடம் போதும் என்று நெடுங்காலம் கூறிவந்தது.

எதிரி நடைமுறைக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். 2023 மே மாதம் வெளியான சிவிஇ-2023-2650 அறிவிப்பின்படி, பல பத்து அல்லது பல நூறு கிலோபைட்டு நீளமுள்ள ஒற்றை எண்ணைக் கொண்ட அடையாள எண்ணைப் பதின்ம உரையாக்க ஆகும் நேரம் அதன் நீளத்தின் இருமடியாக வளர்கிறது. இவ்வறிவிப்பில் நாம் நின்று வாசிக்க வேண்டிய இடம் வேறு. 1.1.1, 1.0.2 பதிப்புகளில் இதன் தாக்கம் சான்றிதழ் போன்றவற்றைக் காட்சிப்படுத்துவதோடு நின்றது, ஆகவே சிறிது. 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பிலோ வழிமுறைகள் உரைப்பெயரால் தேடப்படுகின்றன. அங்கு எஸ்எச்ஏ256 தன் மாற்றுப்பெயர்களோடும் 2.16.840.1.101.3.4.2.1 என்னும் எண்ணோடும் ஒரே சரத்தில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கிறது. இதனால் சான்றிதழில் வந்த எண்ணை உரையாக்காமல் வழிமுறையைத் தேட இயலாது. சரிபார்ப்புக்கு முன்பே உரையாக்கம் நிகழ்ந்தாக வேண்டும். உள்ளெண்ணின் பிடியிலிருந்து விடுபட எடுத்த முயற்சி, மூலப்பெயருக்குத் திரும்பாமல் காட்சிக்கான உரையைத் தீர்ப்பு வழங்கும் இடத்தில் அமர்த்திவிட்டது. திருத்தம் 586 பைட்டு என்னும் மேல்வரம்பாக வந்தது: 128 எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட் என்னும் பழைய வலைமேலாண்மை விதியிலிருந்து பெறப்பட்ட கணக்கு அது. வரம்பு நேர்மையானது, ஆனால் அது வடிவமைப்பைத் தொடவில்லை.

பிற நிரலகங்களின் வழி

பைத்தான் மொழிக்கான கிரிப்டோகிராஃபி நிரலகத்தில் உள்ளெண் என்று ஒன்றை நிரலர் காண்பதில்லை. அடையாள எண் தனியொரு பொருளாக, புள்ளியிட்ட எண்தொடரால் ஆக்கப்படுகிறது. சமம் என்பது அத்தொடரின் சமமே. சொற்பெயர் அட்டவணை உள்ளே தனியே உள்ளது. அதில் இல்லாத எண் 'அறியப்படாதது' என்று அச்சாகுமேயன்றி, வேறோர் அறியப்படாததோடு ஒன்றாகாது. ஜாவாவுக்கான பவுன்சி காசில் நிரலகமும் இவ்வகையினதே. இவ்விரண்டும் பின்னர் தோன்றியவை என்பதையும், சி மொழியின் நெருக்கடி அவற்றிற்கு இல்லை என்பதையும் நியாயம் கருதிக் குறிப்பிட வேண்டும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இனி இவ்வழிக்கு முழுமையாக வருதல் அரிது. ஒருமுறை வழங்கிய உள்ளெண்கள் மாறாதிருக்கவென்றே மூலநிரலில் தனிக்கோப்பொன்று பேணப்படுகிறது. அவ்வெண்கள் எண்ணற்ற நிரல்களில் மாறிலிகளாகத் தொகுக்கப்பட்டுவிட்டன. ஆகவே 0 கிடைத்ததா என்று ஒப்பீட்டிற்கு முன் சோதிக்கும் பொறுப்பு நிரலகத்திடம் இல்லை. அழைக்கும் ஒவ்வொரு நிரலிலும், அதனால் நாம் நடத்தும் ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் அது தனித்தனியே எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.