மணக்கோலமும் மார்க்கமும்

உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் மணம்புரி படலத்தில் நபிகள் நாயகம் (ஸல்), அன்னை கதீஜா (ரலி) ஆகியோரின் திருமணத்தைப் பாடுகிறார். அங்கே மக்கமாநகரம் தமிழ்நாட்டு மணவூராகவே மாறிவிடுகிறது. அரபு மண்ணில் இவ்வலங்காரம் ஏது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை பொருந்தாது. புலவர் பாடியது காப்பியம். தம் மக்கள் அறிந்த மணக்கோலத்தையே அத்திருமணத்துக்கு அவர் சூட்டினார்.

அவர் அடங்கியுள்ள எட்டயபுரமும் நம் வெம்பக்கோட்டையும் ஒரே கரிசல் சீமை. வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்துள்ளன. மணி கோத்து அணிவது இம்மண்ணின் பழைய வழக்கம். நம் மணமகள் அணியும் கருகமணியையும் அவ்வழக்கத்தோடு சேர்த்தே எண்ணலாம். அழகுக்கென அதை அணிவதில் பிழையில்லை. அது அறுந்தால் கணவனுக்கு ஆகாது என்று அஞ்சும்போதுதான் அணிகலன் மூடநம்பிக்கையாகிறது.

மாதங்களுக்கு அஞ்சுவதும் அத்தகையதே. அயர்லாந்தின் சிற்றூர்களில் மே மாதத் திருமணம் ஆகாதென்றனர். நம்மவருள் சிலர் ஸபர் மாதத்தை ஒதுக்குகின்றனர். அறியாமைக் கால அரபியர் ஒதுக்கியது ஷவ்வாலை. அம்மாதத்திலேயே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை மணந்து, நாயகம் (ஸல்) அவ்வச்சத்தைத் தகர்த்தார்கள்.

மஹர் கொடுக்க வேண்டிய மணமகன் கைக்கூலி கேட்பதோ, இவ்விரண்டிலும் சேராத அநீதி. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கு முன்பே அதை மறுத்தது திருமறை. புலவர் காட்டிய அலங்காரம் நம் மணப்பந்தலில் இருக்கட்டும். அச்சத்தையும் கைக்கூலியையும் பந்தலுக்கு வெளியே நிறுத்துவோம்.